வாசலில் கழற்றுவது

காலணியை வாயிற்படியில் விட்டு வீட்டினுள் நுழைவது, நம் நாட்டு மலாய்க்காரர், சீனர், தமிழர் அனைவர்க்கும் பொதுவான வழக்கம். கம்பத்துப் பலகை வீட்டின் படியடியில் கால் கழுவ நீர்த்தாழி வைப்பதுண்டு. தோட்ட லயத்தில் என் அன்னையார் சாணமிட்டு மெழுகிய தரையிலேயே உண்டோம், உறங்கினோம். தூய்மை அங்கே தேவையாயிற்று. இன்று என் இல்லத்தில் வெண்பளிங்குத் தரை. இங்கே அவ்வழக்கம் எதைக் காக்கின்றது? தூய்மையையா, வீட்டாரின் பெருமையையா?

ஒருநாள், பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர், என் மாணவனின் தந்தை, செருப்பைக் கழற்றிய பின்னும் வெளியிலேயே நின்றார். "தரை அழுக்காயிடுங்க ஐயா" என்றார். உள்ளே சப்பாத்துக் காலோடு அமர்ந்திருந்த அதிகாரியிடம் அதைக் கழற்றச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தொழிலாளிக்கோ நாற்காலியை வாசலுக்கே கொண்டுபோய்ப் போட்டேன். அதை மரியாதை என்றே அன்று எண்ணினேன்.