காலியான சாடி



நம் ஜவ்வாது மலையிலிருந்து கணவன் மனைவி இருவர் வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் பிரயாணமானார்கள். நெடுநாள் மனஸ்தாபம், வழியெல்லாம் பேச்சில்லை. (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) புதுச்சேரி அருங்காட்சியகத்தில், 1945-ல் வீலர் துரை அகழாய்ந்த அரிக்கமேட்டின் சாடி ஓடுகளைக் கண்டார்கள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து திராட்சரசம் வந்த சாடிகள். “நம் வீடும் இப்படித்தான், இரசம் தீர்ந்துபோயிற்று” என்றாள் மனைவி. கணவன் கண் கலங்கினான்.

கானாவூர்க் கலியாணத்திலும் இரசம் தீர்ந்தது. தேவமாதா அந்தக் குறையைத் திருமகனிடம் சொன்னார்கள். சேசுநாதர் கேட்டது வெறும் தண்ணீர். பணியாட்கள் 6 கற்சாடிகளையும் வாய்மட்டும் நிரப்பினார்கள்.

தம்பதிகளே, ஒரு நல்ல வார்த்தை, ஒரு மன்னிப்பு: உங்களிடமுள்ள தண்ணீர் இதுவே. இன்றிரவே ஊற்றுங்கள். இரசமாக்குவது ஆண்டவர் வேலை. ஆமென்.