திருமெய்யத்து அரவணையின் அச்சம்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமெய்யம் என்னும் திவ்யதேசம். திருமயம் என்பது இக்கால வழக்கு. திருமங்கையாழ்வார் ஒன்பது பாசுரங்களால் மங்களாசாசனம் செய்தருளிய இத்தலத்தில், ஸத்யமூர்த்திப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் சேவை ஸாதிக்கிறார். மலையைக் குடைந்த குகையில் திருமெய்யர் அரவணைமேல் பள்ளிகொண்டருளுகிறார். முத்தரையர் குலத்துச் சாத்தன் மாறனின் தாயார் பெரும்பிடுகு பெருந்தேவி இக்குகைக் கோயிலைப் புதுக்கிய செய்தியைக் கல்வெட்டு கூறும்.

திருவிழாக் கூட்டத்தில் வரும் அன்பர்கள் திருமுகமண்டலத்தையும் திருவடிகளையும் சேவித்து விரைந்து அகல்வது இயல்பே. ஆயினும் தீப ஒளி ஆதிசேஷனின் படங்கள்மேல் விழும்போது ஒரு கணம் நிதானித்தல் வேண்டும். திருவரங்கத்தில் குடைபோல் விரிந்து நிற்கும் அப்படங்கள் இங்கே சற்றே சுருங்கி, ஒடுங்கிக் காணப்படுகின்றன. ஏன்?

எம்பெருமான் யோகநித்திரையில் இருந்த சமயம், மது கைடபர் என்னும் அசுரர் தேவிமாரைக் கவர்ந்துசெல்லத் துணிந்து நெருங்கினர் என்பது தலபுராணம். அப்போது ஆதிசேஷனுக்கு நேர்ந்த இக்கட்டு சிறிதன்று. ஸ்வாமியை எழுப்பினால் திருத்துயிலுக்குப் பங்கம்; எழுப்பாவிடில் பிராட்டிமாருக்கு ஆபத்து. அரவு நஞ்சுத்தீயை உமிழ்ந்தது. அசுரர் அஞ்சி ஓடினர். குகையின் பின்சுவரில் அக்காட்சியை இன்றும் காணலாம்.

ஓட்டியபின்னரே அச்சம் பற்றியது. சேஷன் என்ற திருநாமமே அடிமைத்தன்மையைச் சொல்வது. சேஷியின் திருவுள்ளம் அறியாமல் அடிமை தானே ஒன்றைச் செய்யலாமோ? செய்தது கைங்கர்யமா, அபசாரமா? இவ்வையத்தில் படங்கள் ஒடுங்கின. பெருமாளோ திருக்கண் மலர்ந்து, அச்செயலை உகந்தருளினார். அவரது வலத் திருக்கரம் அரவின் பக்கமாக நீண்டிருப்பது அணைத்துத் தேற்றும் கோலம் என்று பெரியோர் உரைப்பர். வென்றவனின் படங்கள் விரிந்தல்லவோ இருக்கவேண்டும்! சிற்பி அவ்வாறு செய்யவில்லை. ஆறுதல் கிடைத்தபின்னும் அடியவனின் கூச்சம் முற்றும் நீங்காத அந்த நிலையையே கல்லில் நிறுத்தினான்.

இதே மலையில் ஸத்யகிரீசுவரரின் சிவன் குகையும் உண்டு. இரு கோயில்களுக்கும் இடையே எழுந்த பூசல் 1245-ஆம் ஆண்டில் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் தீர்த்துவைக்கப்பட்டது. அத்தீர்ப்பையும் கல்லில் பொறித்துள்ளனர். தத்தம் ஸ்வாமிக்காகவே வாதாடியதாக எண்ணிய அவ்விரு சாராரும், வாதம் முடிந்தபின் அரவைப்போல் ஒருமுறையேனும் அஞ்சினரோ என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. இன்றும் ஒரு குகையில் சேவித்தவர்கள் வெளியே வந்து, சுற்றிக்கொண்டே மற்றொன்றுக்குச் செல்கின்றனர்.