கொய்தற்கென்றே வளர்க்கும் மலர்

உயிர்களுக்கு இடுக்கண் செய்யலாகாது என்று வகுப்பிலே பாடஞ் சொல்லிவிட்டு, அவ்வகுப்பின் பின்புறத்திலேயே கொய்தற்கென்று ஒரு பூம்பாத்தியை மாணாக்கரைக் கொண்டு நடுவிக்கின்றோம். இவ்விரண்டும் தம்முள் மாறுகொள்ளாவோ என்னும் வினா உபாத்தியாயர் பலர்க்குத் தோன்றுவதில்லை. தோன்றியவருள்ளும் பலர், "பூக்கொய்தல் செடிக்கு நன்மையே; கொய்யக் கொய்ய அது மிகுதியாய்ப் பூக்கும்" என்று விடை கூறி அமைவர். அவ்விடை எவ்வளவு தூரம் நிற்குமென்று பார்ப்போம்.

செடி உயிருடையதென்பதில் நமக்குள் வழக்கில்லை. தொல்காப்பிய மரபியல் அதனைத் தொட்டறிதலாகிய ஓரறிவுடைய உயிரென வகுத்தது. 1901இல் ஜகதீச சந்திர வசு இலண்டன் மாநகரிலே, தூண்டியவிடத்துச் செடியும் விடையிறுக்குமாற்றைக் கருவி கொண்டு காட்டினார். எனினும் தூண்டலுக்கு விடையிறுத்தல் வேறு, நோவை உணர்தல் வேறு. முன்னையதைக் கொண்டு பின்னையதைச் சாதித்தல் அவசரமாம். ஆதலின் செடி நோகின்றதென்று யாம் வாதிக்கப் புகவில்லை. நோகாதாயினும் ஓருயிர்க்குத் தனக்கென ஒரு நாட்டம் உண்டு. அதனை நாம் இடைமறித்தல் எத்தகையது என்பதே ஈண்டுக் கேட்கப்படுவது.

கோடைப் பாத்தியில் நாம் பெரும்பாலும் வைப்பன சினியா, கொஸ்மொஸ், வாடாமல்லிகை, துலுக்கச்செவ்வந்தி முதலிய ஒருபருவச் செடிகளே. (துலுக்கச்செவ்வந்தி மெக்சிக்கோ நாட்டது, 16ஆம் நூற்றாண்டின் முன் நம்மவர் அதனைக் கண்டிருத்தல் இயலாது. இன்று அதனைத் தொன்றுதொட்ட மாலைப்பூவென்று எண்ணுவாரும் உளர்.) இவை முளைத்துப் பூத்து விதையிட்டு ஒரு பருவத்துள்ளே மாய்வன. இவற்றின் முயற்சி முழுவதும் விதையை நோக்கியது. முதற்பூக்கள் முதிர்ந்து விதை கட்டின், செடி தன் உணவை அதற்கே செலுத்தும், மொட்டுக் குறையும், இலையும் பழுக்கும். அதன்முன் பூவை நறுக்கிவிடின், இலைக்கக்கங்களிலே உறங்கிக் கிடந்த மொட்டுக்கள் கிளைத்து மீளவும் பூக்கும். இதனையே நாம் செடியின் மகிழ்ச்சி என்கின்றோம். உண்மையில், தன் காரியம் ஒவ்வொரு முறையும் தவறிப்போன செடி ஒவ்வொரு முறையும் மீள முயல்கின்றது. கூலியாள் ஒருவனை நாள்தோறும் வேலை வாங்கி, "கூலி நாளைக்கு" என்று அனுப்பும் ஒருவர், அவன் நாள்தோறும் வருதலைக் காட்டி, "என்மேல் அவனுக்கு எத்துணை அன்பு" என்று சொல்லுதல் தகுமோ?

ஆகவே அவ்விடை நில்லாது. பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லாதிருத்தலும் நன்று. நாம் கொள்வதையெல்லாம் கொடுத்ததாகக் கணக்கெழுதும் பழக்கத்தை அது இளமையிலேயே பழக்கிவிடும். ஆங்கிலேயர் தம் தோட்டங்களிலே கொய்பூப் பாத்தியைக் காட்சிப் பூந்தோட்டத்தினின்றும் பிரித்து, பெரும்பாலும் காய்கறிப் பாத்திகளோடு சேர்த்து வைப்பர். வெட்டிய இடம் வருவார் கண்ணிற் படலாகாதென்பதே அதற்குக் காரணம். யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலும் அப்படியே இருந்தது. காய்கறிக்குப் பக்கத்தில் வைத்தலாவது ஒருவகையில் நேர்மை. இது கொள்ளுதற்கென வைத்த பயிர் என்பதை அவ்விடமே சொல்லிவிடும்.

எல்லாப் பூவும் இவ்வழக்கினுள் அடங்கா. அடுக்குமல்லிகையும் அடுக்கு நந்தியாவட்டையும் நம் வளவுகளில் விதையினாற் பெருகுவன அல்ல. கொம்பு நட்டும் பதியம் வைத்தும் மனிதர் கையே அவற்றைப் பெருக்கி வந்தது. தோட்டத்துச் செவ்வரத்தைகளுட் பலவும் அன்னவே. காலையில் விரிந்த பூ மறுநாள் நில்லாது. இவற்றிற்கு நம் கை விதையினிடத்தைப் பெற்றது. கொய்பவர் கொம்பு நடுபவராகவும் இருப்பாராயின் அச்செடியின் நாட்டத்தை முற்றும் மறித்தாரெனல் ஆகாது. ஒருபருவச் செடியினிடத்து நாம் பட்ட கடனோ இவ்வாறு தானே தீர்வதன்று.

அக்கடன் கோடையிலே இருமடங்காகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அதற்கீடாக உவர்நீர் 40 அடியளவு மேலேறுமென்பது இவ்வகை நிலத்தின் கணக்கு. சோளகம் வீசும் மாதங்களிலே, உண்ணப் பயன்படாத பூவிற்கு இந்நீரை இறைத்தல் தகுமோ என்று வெங்காயம் வைத்தவர் கேட்பின், அவர்க்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பத்தடி நீளமும் ஆறடி அகலமுமுள்ள பாத்தியில் அடிக்கொன்றாக 60 செடி வைக்கலாம். ஒன்றற்கு அரை லீற்றராக நாளொன்றுக்கு 30 லீற்றர், அஃதாவது மூன்று வாளி வேண்டும். பிள்ளைகள் சவர்க்காரமிடாது கைகழுவிய நீரைத் தேக்கினாலே இவ்வளவு கிடைக்கும்; வைக்கோலை வேரடியில் மூடி, வெயில் தாழ்ந்தபின் இலை நனையாமல் வேருக்கே விடின், அதுவும் குறையும். பாத்தி இதனிலும் பெரிதாகவேண்டும் என்பவர்க்கு யாம் உடன்படோம். மூன்று வாளியைச் சுமந்த பிள்ளைக்கு ஒரு பூவின் விலை தெரியும். நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருகிவிட்ட பிள்ளைக்கு அது தெரியவருதல் அரிது. நீர் சுமவாத பிள்ளை பூக்கொய்தல் ஆகாதென்று விதித்துவிடுதலும் தகும். தலைமையாசிரியர் மேசைக்கு வைக்கும் பூவிற்கும் இவ்விதி உண்டு.

கடையிலே வாங்கின் இவ்வழக்கு நமக்கில்லையே எனின், அங்கே வழக்கு ஒழியவில்லை, மறைந்துபோயிற்று. கென்யா நாட்டு நைவாஷா ஏரிக்கரையிலே அவ்வேரி நீரால் விளையும் ரோசா விமானமேறி ஐரோப்பாவிற்குப் போகின்றது. அதனைச் சாடியில் வைப்பவர்க்கு அவ்வேரியின் பெயருந் தெரியாது. நம் சிறு பாத்தியின் சிறப்பு அழகன்று. கொண்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை ஒரு பிள்ளை தன் கண்ணாற் கண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கலாம் என்பதே. கொய்தல் குற்றமற்றதாகிவிட்டதென்று இதனாற் சொல்லவில்லை. கடன்பட்டவர் கடனை அறிந்து நிற்கின்றார் என்றே சொல்லுகின்றோம்.

முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, மலரும் பருவம் அறிந்து பூக்கொய்தார் என்பது நாம் வகுப்பிற் சொல்லும் சரிதம். அப்பருவமறிதலைப் பாத்தியிலேயே கற்பிக்கலாம். சினியாவின் காம்பைப் பூவிற்கு ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல அசைத்தால், கழுத்து வளையுமாயின் அது இன்னும் பருவமாகவில்லை. கொய்தால் சாடியில் அன்றே தலைசாயும். நிமிர்ந்து நிற்பின் கொய்யலாம். பருவமாகாததைக் கொய்து வாடவிடுதலே இப்பாத்தியில் நிகழக்கூடிய கொடுமைகளுள் முதலாவது. இதனைக் கண்டித்தற்குத் தத்துவம் வேண்டியதில்லை.

பாத்தியின் ஓரத்து வரிசை ஒன்றைக் கத்தரிபடாமல் விட்டுவைத்தல் வேண்டும். அவ்வரிசை தேனீக்கும் விதைக்கும் உரியது. விதைகட்டிய செடி அழகிழந்து கபிலநிறமாகி நிற்கும்; வித்தியாதரிசி வருமுன் அதனைப் பிடுங்கி எறியும் வழக்கம் சில பாடசாலைகளில் உண்டு. அது வேண்டாம். சில ஆண்டுகளில் மழை பொய்த்து, ஆடியிலேயே கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கும். அப்போது பாத்திக்கு நீர் விடுதலை நிறுத்திவிடவேண்டும். நிறுத்தும் நாளின் விடியலிலே மலர்ந்தன யாவற்றையும் கொய்து, நீர் சுமந்த பிள்ளைகளின் கையிலே கொடுத்து வீட்டிற்கு அனுப்பலாம். ஓரத்து வரிசைக்கு மாத்திரம், விதை முற்றி உலரும் வரை, நாளுக்கு அரை வாளி போதும்.