கிருமிகளுக்கும் சாதி உண்டோ?

ஈழத்து உயிரியல் நூல்கள் உயிர்களைப் படிமுறையாக வகுக்கும்போது ‘வருணம்’, ‘சாதி’, ‘இனம்’ என்னும் சொற்களைக் கலைச்சொற்களாக ஆண்டுவருகின்றன. கலைச்சொல்தானே என்று மாணவர் கடந்து செல்கின்றனர். ஆயினும் அச்சொற்கள் சமூகத்தில் சுமந்த பொருள் வகுப்பறைக்குள்ளும் நுழைகின்றது. சாதியை இயற்கையே வகுத்தது, மனிதர் அதனைக் கண்டறிந்தனர் என்னும் எண்ணம் அறியாமலே வேரூன்றுகின்றது. கிருமிகளின் விடயத்திலேனும் இவ்வெண்ணம் மெய்யாகுமா?

யப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா, 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது வயிற்றுளைவுக்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டறிந்தார். அவர் பெயரால் அது ‘ஷிகெல்லா’ என்னும் தனிச் சாதியாயிற்று. மனிதக் குடலிற் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வதும், 1885இல் தியோடர் எஷெரிக் விவரித்ததுமான எஷெரிக்கியா கோலை வேறொரு சாதியில் வைக்கப்பட்டது. பின்னர் இவற்றின் பரம்பரையலகுத் தொகுதிகளை எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிட்டபோது அவ்வேலி சரிந்தது. ஷிகெல்லா, எஷெரிக்கியா கோலையின் கிளைகளுக்குள்ளேயே அடங்குகின்றது. அதுவும் ஒரு கிளையாக அன்று. வெவ்வேறு கிளைகளிலிருந்து பலமுறை தோன்றியிருக்கின்றது.

ஒரே பெயருள் அடங்கியவையோ தம்முள் வியக்கத்தக்க அளவு வேறுபடுகின்றன. எஷெரிக்கியா கோலையின் மூன்று வகைகளை 2002இல் அமெரிக்க ஆய்வாளர் ஒப்பிட்டனர். ஒன்று ஆய்வுகூடத்தில் வளரும் சாது. ஒன்று குருதி கலந்த வயிற்றோட்டம் தருவது. மற்றையது சிறுநீர்த்தொகுதியைத் தாக்குவது. இம்மூன்றின் புரதவகைகளையும் ஒருங்கே எண்ணியபோது, மூன்றுக்கும் பொதுவானவை 39.2 சதவீதமே. வயிற்றோட்ட வகையின் கொடுமைக்குக் காரணமான நச்சும் முன்னோர் தேடிவைத்த சொத்தன்று. பற்றீரியாவைத் தொற்றும் வைரசு வழியாக வந்து சேர்ந்தது அது. பிறப்பே குணம் என்று சாதிப்போர் இக்கிருமியின் முன் என் செய்வரோ!

ஆனால், விஞ்ஞானம் நம் பக்கம் நின்றதென்று களிகூர்வதிலும் ஆபத்துண்டு. ஷிகெல்லா முற்றிலும் வேறான உயிரென்றே நிறுவப்பட்டிருந்தால், மனிதருட் சிலரைத் தாழ்த்துவது நியாயமாகிவிடுமா? மனித சமத்துவம் ஆய்வுகூடத்தின் அனுமதிக்குக் காத்திருப்பதன்று. கிருமிகளிடமிருந்து நாம் கற்கக்கூடியது சமத்துவத்தை அன்று, பெயரிடுதலின் இயல்பை.

உண்மை தெரிந்த பின்னரும் ‘ஷிகெல்லா’ என்னும் பெயரை மருத்துவ உலகம் கைவிடவில்லை. நோயைப் பிரித்தறியவும் சிகிச்சையிற் குழப்பம் நேராதிருக்கவும் அது வேண்டப்படுகின்றது. இதில் வஞ்சகமில்லை. பெயர் எதற்காக என்பது வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றது, பயனடைபவன் நோயாளி. சாதிப் பெயரோ தன் பயனை ஒருபோதும் சொல்வதில்லை. இயற்கையென்றும் விதியென்றும் வேடம் புனைகின்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மறிக்கப்பட்டோர்க்கு அப்பெயரால் விளைந்த பயன் யாது?

தமிழகத்துப் பாடநூல்களில் ‘பேரினம்’ என்னும் சொல் பல்லாண்டாக வழக்கில் உள்ளது. அதனை எடுத்தாள்வதில் நமது நூலாசிரியர்களுக்கும் நமக்கும் என்ன தடை?