மலர் ஒன்று, நிறம் பல



நம் வீட்டு அடுக்களையில் கசகசா என்னும் சிறு விதை உளது. அதனைத் தரும் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். ஆங்கிலேயர் இச்செடியைப் பாப்பி என்பர். மயக்கந் தருவதாகலின், பண்டைக் கிரேக்கர் தம் உறக்கத் தெய்வமாகிய ஹிப்னாஸுக்கு இதனை உரியதாக்கினர். ஆகவே உறக்கமும் மறதியும் இம்மலரின் பழம்பொருளாயின.

இதற்கு இனமான மற்றொரு செடி ஐரோப்பிய வயல்களில் தானே முளைப்பது. அதன் பூ செந்நிறம். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பெல்ஜியம், பிரான்சு நாட்டு நிலங்கள் குண்டுகளாற் கிளறுண்டன. மண்ணுள் பல்லாண்டு கிடந்த விதைகள் ஒளி கண்டு முளைத்தன. புதைகுழிகளின் நடுவே செம்மலர்கள் பூத்தன. 1915ல் ஜான் மக்ரே என்னும் கனடா நாட்டு இராணுவ மருத்துவர் அக்காட்சியைப் பாடினார். 1921 முதல் பிரிட்டனில் மாண்ட வீரர் நினைவாக, நவம்பர் மாதத்தில் மக்கள் செந்நிறச் செயற்கைப் பூ அணிந்து வருகின்றனர். மறதிக்கு அடையாளமான குலத்து மலரே நினைவிற்கு அடையாளமாயிற்று!

1933ல் அந்நாட்டுக் கூட்டுறவு மாதர் சங்கத்தார் வெண்ணிறப் பூவைக் கொணர்ந்தனர். அவருள் பலர் யுத்தத்தில் கணவரையும் மைந்தரையும் இழந்தவர்; இனி யுத்தம் வேண்டா என்பதே அவர் கருத்து. 2006ல் போரில் மடிந்த குதிரை முதலிய வாயில்லா உயிர்களுக்காக ஊதாப் பூவும் தோன்றிற்று. ஆயின் சிவப்பணிந்தோர் சிலர், வெண்மை வீரரை அவமதிப்பது என்றனர். வெண்மையணிந்தோர் சிலர், சிவப்பு யுத்தத்தைப் போற்றுவது என்றனர்.

எந்நிறம் மெய்? நாம் ஆலையில் உழைத்த நாளில் கண்டதொன்று உண்டு. ஒரே வெள்ளை நூல் ஒரு தொட்டியில் தோய்ந்து சிவப்பாகும். மற்றொன்றில் தோய்ந்து நீலமாகும். நூலுக்கு நிறத்தின்மேல் பற்றுமில்லை, பகையுமில்லை. வயலிற் பூத்த மலரும் எவர் குருதியையும் குறிக்கப் பூத்ததன்று. அதனைப் பொருளில் தோய்ப்பது மனித மனமே.

அங்ஙனமாயின் அடையாளம் யாவும் பொய்யோ எனின், அன்று. மகனை இழந்த தாய் நெஞ்சிற் குத்திய பூ பொய்யாகாது. அவள் துயரம் மெய். பிழை யாண்டுளது? தன்னவரை நினைந்து பிறரை மறக்குமிடத்தே உளது. அந்த யுத்தத்தில் இந்திய வீரர் ஏறக்குறைய 74,000 பேர் மாண்டனர். பூவணிந்தோருள் நெடுங்காலம் அவர்களை எண்ணினோர் சிலரே. எதிரணியில் மடிந்த ஜெர்மானியனுக்கும் தாய் உண்டன்றோ? நினைவென்னும் பூவிலும் மறதியென்னும் அபின் கலந்திருத்தல் கூடும்.

ஆகலின் கேட்க வேண்டுவது நிறத்தைப் பற்றியன்று. இப்பூவை அணிந்தபின் நெஞ்சிற் பகை குறைந்ததா, வளர்ந்ததா? குறைந்ததாயின் சிவப்பும் நன்று, வெண்மையும் நன்று. வளர்ந்ததாயின் எந்நிறப் பூவும் நஞ்சே. நாமும் நினைவு நாட்களில் மலர் சூட்டுவோர். இவ்வினாவைப் பிறரிடம் விடுக்குமுன் நம்மிடமே விடுப்போமாக.