கை நீட்டாத கணவர்கள்

"நல்ல மனுஷன், குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார்." மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்கும்போதும் தி. நகரில் கல்யாணப் புடவை எடுக்கும்போதும் ஒரு கணவரைப் பற்றி நாம் தரும் நற்சான்று பெரும்பாலும் இவ்வளவுதான். ஒருவர் என்னென்ன செய்வதில்லை என்று சொல்லியே அவரை நல்லவராக்கிவிடுகிறோம். ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி சான்று தந்து பாருங்கள்: "நல்லவள், மாமியாரை அடிக்கமாட்டாள்." கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அம்பையின் முதல் சிறுகதைத் தொகுப்பான 'சிறகுகள் முறியும்' 1976இல் வெளிவந்தது. தலைப்புக் கதையை அவர் எழுதியது 1967இல். அதன் நாயகி சாயா; கணவன் பாஸ்கரன். பாஸ்கரன் கொடுமைக்காரன் அல்ல, கஞ்சன். கதையில் பெரிய சம்பவம் என்று எதுவுமில்லை. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள்: "அவர் அப்படி என்னதான் மேடம் பண்ணிட்டார்?" கேள்வியில் கிண்டல் கிடையாது. குற்றம் என்றால் அதற்கு ஒரு நாள், ஒரு காயம், ஒரு சாட்சி இருக்கவேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாயாவிடம் காட்டுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

கஞ்சத்தனம் பணத்தின் அளவைப் பற்றியது என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். எனக்குத் தோன்றுவது, அது கேட்பதைப் பற்றியது. எதற்கும் கேட்கவேண்டும், கேட்டால் காரணம் சொல்லவேண்டும், சொன்ன காரணம் ஏற்கப்படவேண்டும். சில வருடங்களில் கேட்பதற்கு முன்பே மனம் தானாக ஒரு கணக்குப் போட்டு "வேண்டாம்" என்று சொல்லிவிடும். ஆசைப்படுகிற இடமே மரத்துப்போகும். அதற்குப் பிறகு கணவர் எதையும் மறுக்கவேண்டியதில்லை. "அவளுக்கு எதுவுமே வேண்டாம், ரொம்ப சிம்பிள்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சாயா காலத்துக் கதை இது என்று தள்ளிவிடவும் முடியாது. அடையாறில் வேலைக்குப் போகிற, நல்ல சம்பளம் வாங்குகிற பெண்களில் எத்தனை பேருடைய ஏடிஎம் கார்டு அவர்கள் கைப்பையில் இருக்கிறது? கூட்டுக் கணக்கில் அவள் பூ வாங்கினாலும் அவர் போனில் குறுஞ்செய்தி போய் நிற்கிறது. சாயங்காலம் சாதாரணக் குரலில், "அந்த நானூறு எதுக்கு?" அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல்தான் வந்தது. அதில் உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு வன்முறைகளோடு பொருளாதார வன்முறையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கதைக்கும் சட்டத்துக்கும் இடையே 38 வருடம். சட்டம் பெயர் வைப்பதற்கு முன்பு அந்தத் தீங்கு இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், பெயரில்லாத ஒன்றைத் தீங்கு என்று அடையாளம் காட்டும் பொறுப்பு யாருடையது? அந்த 38 வருடமும் இதைச் செய்துகொண்டிருந்தவை, 'சும்மா புலம்பல்' என்று ஒதுக்கப்பட்ட இந்தமாதிரிக் கதைகள்தான் என்பேன்.

'ஆண்மை' என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் பார்க்கவேண்டும். தாளாண்மை, இல்லாண்மை போன்ற சொற்களில் வருவது 'ஆண்' அல்ல; 'ஆள்'. ஆளும் தன்மை. இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் வந்து விழுந்தது இலக்கணத் தற்செயலாக இருக்கலாம். ஆனால் நம் வீடுகள் அதைத் தற்செயலாக விட்டுவைக்கவில்லை. ஆணாக இருப்பதற்கு எதையாவது ஆளவேண்டும் என்றாக்கிவிட்டன. அலுவலகத்தில் ஆள முடியாதவருக்கு வீட்டில் ஒரு பர்ஸ் கிடைக்கிறது. பெண் விடுதலை வேண்டுமானால் ஆண்மை அழியவேண்டும் என்று பெரியார் எழுதியபோது அவர் சொன்னது ஆண்களை அல்ல, இந்தக் கருத்தை. இன்றும் அதைப் படித்துப் பதறுகிறவர்கள் இந்த வேறுபாட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அண்மைக்காலத்தில் இன்னொரு குரல் கேட்கிறது: ஆண்களும் பாதிக்கப்பட்டவர்கள்தாமே, பாஸ்கரனையும் அப்படி யாரோ வளர்த்ததுதானே? உண்மைதான். ஆனால் ஒருவரைப் புரிந்துகொள்வதும் ஒரு வேலை. அந்த வேலையையும் சாயாவிடமே கொடுக்கிறோம். அவனுக்குச் சமைத்து, அவனுக்குக் கணக்குச் சொல்லி, அதற்கு மேல் அவன் ஏன் இப்படி ஆனான் என்ற ஆராய்ச்சியையும் அவளே செய்யவேண்டும்.

இந்த இடத்தில் அதே தொகுப்பிலுள்ள 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என் வாதத்தைச் சிக்கலாக்குகிறது. முதல் முறை மாதவிலக்கான சிறுமி, ஊருக்குப் போயிருக்கும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். பயத்திலிருந்து தன்னை மீட்க அம்மாவால் மட்டுமே முடியும் என்று நம்புகிறாள். அம்மாவோ, கறுப்பு நிறத்துக்காக உறவுக்காரப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்ற வருத்தத்தோடு திரும்பி வருகிறாள். இவளும் கறுப்பு. இதற்குள் உனக்கு என்ன அவசரம், இது ஒரு பாரம் என்ற பொருள்பட அம்மாவின் வாயிலிருந்து வார்த்தை வந்துவிடுகிறது.

இந்த அம்மாவை நாம் எளிதாக மன்னிக்கிறோம். மாணவிகளில் பலர் மன்னித்துவிடுகிறார்கள். நானும் அந்தப் பக்கம் சாய்கிறவள்தான். அப்படியானால் பாஸ்கரனுக்கு மட்டும் ஏன் மறுக்கவேண்டும்? ஒரு வேறுபாடு இருக்கிறது. பாஸ்கரனின் செயலால் அவனுக்கு லாபம் உண்டு. பர்ஸ் அவனிடம் தங்குகிறது. அந்தச் சொல்லால் அம்மாவுக்குக் கிடைத்தது எதுவுமில்லை. அவள் வேறு யாரோ எழுதிய தீர்ப்பை வாசித்தவள். செய்தவரை எடைபோட இந்த வேறுபாடு போதும். ஆனால் காயத்தின் ஆழத்தை இதை வைத்து அளக்க முடியாது. சிறுமியின் பக்கம் நின்று பார்த்தால் நடந்தது கொலை. அம்பை தலைப்பில் அந்தச் சொல்லைத் தணிக்கவில்லை. அம்மாவைப் புரிந்துகொண்டேன் என்பதற்காக மகளிடம் "பரவாயில்லை, மற" என்று சொல்லும் உரிமை எனக்கு வந்துவிடாது.

கதையில் நான் திரும்பத் திரும்ப நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. 'கறுப்பு' என்று நிராகரித்த மாப்பிள்ளை வீட்டார் நம் முன்னால் வருவதே இல்லை. அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. அவர்கள் தீர்ப்பு மட்டும் ரயிலேறி ஓர் அம்மாவின் வாய்வழியாக இந்த வீட்டுக்கு வந்து சேர்கிறது. 2020இல் ஷாதி.காம் தன் தளத்திலிருந்த நிற வடிகட்டியை நீக்கியது. அதைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "போட்டோ இருக்கே மேடம். எங்கம்மாவே அதை எடிட் பண்ணித்தான் அனுப்புறாங்க."