வேரைப் பிடுங்கியவர்கள்

2018 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த சோத்பீஸ் ஏலத்தில் ஒரே ஒரு போத்தல் ஒயின் 558,000 அமெரிக்க டாலருக்குப் போனது. 1945ஆம் ஆண்டின் ரோமானே-கோன்ட்டி. இப்படியொரு செய்தியைப் படித்ததும் நம் வாயில் முதலில் வருவது, "இவ்ளோ காசு கொடுத்து வாங்கினவன் அதக் குடிப்பானா, சும்மா வச்சுப் பார்ப்பானா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் போத்தலுக்குப் பின்னால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

பிரான்சின் பர்கண்டியில் வோன்-ரோமானே என்று ஒரு கிராமம். ரோமானே-கோன்ட்டி தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பரப்பளவு 1.8 ஹெக்டர், அவ்வளவுதான். பீனோ நுவார் என்ற ஒரே வகைத் திராட்சை. 1760இல் கோன்ட்டி இளவரசர் இதை வாங்கியதால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸரா என்ற சின்னஞ்சிறு பூச்சி, பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரில் தாக்கி அழித்தது. தீர்வும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். பெரும்பாலான தோட்டங்கள் மாறிக்கொண்டன. ரோமானே-கோன்ட்டி மறுத்தது. மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு என்ற ரசாயனத்தைச் செலுத்தி, பழைய வேரைப் பல பத்தாண்டுகள் பிழைக்க வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த ரசாயனம் கிடைக்கவில்லை. கொடிகள் தளர்ந்தன. 1945இல் கிடைத்தது சுமார் 600 போத்தல்கள். அறுவடை முடிந்ததும் அத்தனை கொடிகளையும் பிடுங்கிவிட்டார்கள்.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிய சிக்கல். ஒரு பழைய பம்ப்பை எத்தனை தடவை பழுதுபார்ப்பது, எப்போது கழற்றிப் போடுவது? அதற்குக் கணக்கு உண்டு. பழுதுபார்க்கும் செலவு, நின்றுபோனால் வரும் இழப்பு, புதியதன் விலை, மூன்றையும் எழுதிப் பார்த்தால் விடை வந்துவிடும். மரபாக வந்த ஒன்றுக்கு இந்தக் கணக்கு செல்லுபடியாகுமா?

"பழச அப்படியே காப்பாத்துறதுதான் மரியாதை" என்று ஒரு கட்சி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மற்றவர்களோடு சேர்ந்து இவர்களும் அப்போதே மாறியிருந்தால் 1945இன் அந்த ஒயினே இருந்திருக்காது. ஆனால் போர்க்காலம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. மருந்து நின்றதும் கொடியும் படுத்துவிட்டது. அப்படியானால் அத்தனை ஆண்டுகளும் உயிரோடிருந்தது வேரா, வைத்தியமா?

பிடுங்கியது சுலபமான முடிவு இல்லை. 1947இல் புதிய கொடிகளை நட்டார்கள். அதே நிறுவனத்தின் பக்கத்துத் தோட்டமான லா டாஷிலிருந்து எடுத்தவை. 1946 முதல் 1951 வரை ஆறு ஆண்டுகள் ரோமானே-கோன்ட்டி என்ற பெயரில் ஒயினே வரவில்லை. 1952இல்தான் மறுபடி வந்தது. இந்த ஒயின் பக்குவப்படவே பல ஆண்டுகள் ஆகும். நட்டவர்களில் எத்தனை பேர் அதன் முழு ருசியைக் கண்டிருப்பார்கள்?

வேர் மாறிய பிறகும் அதே பெயரை வைத்துக்கொள்ளலாமா? லேபிளுக்காகச் செய்த ஏமாற்றுதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண் அதே மண், சரிவு அதே சரிவு, திராட்சையும் அதே வகை. பெயர் என்பது இந்த நிலத்தை இன்ன கவனத்தோடு பார்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதி. அதைக் காப்பாற்ற முடியாத ஆறு ஆண்டுகள் அவர்கள் பெயரைப் பயன்படுத்தாமல் சும்மா இருந்தார்கள். அந்த வெற்று ஆண்டுகள்தான் 1952இன் லேபிளுக்கு நேர்மையைக் கொடுக்கின்றன என்பேன்.

ஒன்றைக் கட்டிக் காக்கும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: காப்பாற்றுவது அந்தப் பொருளையா, அதைக் காப்பாற்றுகிறோம் என்ற நம்முடைய பெருமையையா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நமக்குப் பின்னால் வருபவனுக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஏலச் சந்தை கடைசி 600 போத்தல்களைக் கொண்டாடுகிறது. அவை இனி ஒவ்வொன்றாகக் குறையும். 1947இல் குழி தோண்டிக் கொடி நட்ட கூலியாட்களின் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் வராது. ஆனால் இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் அறுவடை நடக்கிறது.